முடிவு தெரிஞ்ச கதைக்கு எதுக்கு அழுகை?

கேள்வி: லீவு விட்டதுலேருந்து எங்க வீட்டுப் பிள்ளைங்க 'முஃபாசா' படத்த நாலு தடவ பாத்தாச்சு. அந்தச் சிங்கம் சாகப்போறது 'லயன் கிங்'லயே காட்டியாச்சு, அப்புறமும் வாயப் பொளந்து பாக்குறாங்களே, என்னதான் இருக்கு இந்த ப்ரீக்வல்ல, அதான் இந்த முன்கதைப் படத்துல?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு நீங்க இதக் கேக்கலாமாக்கா? ராமர் ஜெயிப்பாருன்னு தெரியாமலா சனம் இத்தன தலமுறையா ராமாயணம் கேக்குது. முடிவு தெரிஞ்சுட்டா "என்ன ஆகுமோ"ங்கிற பதட்டம் போயிரும், "இவன் எப்படி இப்படி ஆனான்"னு நோண்டத் தோணும், பிள்ளைங்களுக்கு அதுதான் ருசி. 1994ல வந்த படத்துலயும் சரி, 2019ல திரும்ப எடுத்ததுலயும் சரி, ஸ்கார்னா யாரு, சொந்த அண்ணன ஓடுற மாட்டுக்கூட்டத்துக்கு நடுவுல தள்ளிவிட்டவன், அவ்வளவுதான். இதுல பாத்தா அவன் பேரு டாக்கா, வெள்ளத்துல அடிச்சுட்டு வந்த முஃபாசாக் குட்டிய "எனக்குக் கூடப்பொறந்தவன் வேணும்"னு சேத்துக்கிட்டதே அவன்தான், அப்பன் வேணாங்கிறான், ஆத்தாக்காரி எடுத்து வளக்குறா. அந்த டாக்கா சிரிக்கிறப்பல்லாம் நமக்கு வயித்தக் கலக்குது, ஏன்னா அவன் நாளைக்கு செய்யப்போறது அவனுக்கே தெரியாது, நமக்குத் தெரியும்.

எங்க வீட்டு சங்கதி ஒண்ணு சொல்றேன். போன தடைக்காலம், ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் போட்டெல்லாம் கரையிலயே கெடக்குற அந்த 61 நாளு, மச்சான் வாசல்ல உக்காந்து கிழிஞ்ச வலைய தச்சுக்கிட்டு இருந்தாரு, அக்கா பிள்ளைங்க டிவில இந்தப் படத்தப் போட்டுச்சுங்க. அம்மா படம் பாக்குற ஆளே இல்ல, ஓரமா உக்காந்து சூடை மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. வெள்ளம் வர்ற சீன் வந்துச்சு, குட்டிய தண்ணி இழுத்துட்டுப் போகுது, தாய்ச்சிங்கம் பின்னாடியே ஓடி வருது. அம்மா கையில கத்தி அப்படியே நின்னுருச்சு. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடில புயல் அடிச்சப்ப அவங்களுக்கு எட்டு வயசு. அவங்கள எடுத்து வளத்தது சொந்தபந்தம் கெடையாது, வேற ஒரு வீடு, அதுவும் உங்க தங்கச்சிமடத்துலதான். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும், மேல கேட்டா "சோறு ஆறுது, தின்னு"ம்பாங்க. சின்னவ திரும்பிப் பாத்து "அம்மாச்சி, ஒன்னையும் தண்ணி இழுத்துட்டுப் போச்சா?"ன்னு கேட்டா. அம்மா கையக் கழுவிட்டு வந்து அவ பக்கத்துல உக்காந்து, "இல்லடி, எங்க அய்யா என்னைய தோள்ல தூக்கிட்டுப் போயி மணல்திட்டு மேல வச்சாரு, திரும்ப தம்பியத் தூக்கப் போனாரு"ன்னு ஆரம்பிச்சாங்க. எனக்கு நாப்பத்தஞ்சு வயசாச்சு, அன்னைக்குத்தான் மொதத்தடவ கேக்குறேன். டிவிய யாரு ஆஃப் பண்ணாங்கன்னே தெரியல.

படமும் அப்படித்தான்க்கா, பேத்தி கியாராவுக்கு அவ பாக்காத தாத்தா முஃபாசாவோட கதைய ரஃபிக்கிங்கிற கொரங்கு சொல்றாரு. (தியேட்டருக்கு வந்தது 2024 டிசம்பர் 20, புயலுக்கு 60 வருஷம் முடிய ரெண்டே நாள் பாக்கி, எடுத்தவங்களுக்கு இது எங்க தெரியப்போகுது.) கொறையும் இருக்கு. ஸ்கார் மூஞ்சில தழும்பு எப்படி வந்துச்சு, சிங்கராசா நிக்கிற பாறை எப்படி வந்துச்சு, ரஃபிக்கி கையில உள்ள குச்சி எங்கேருந்து வந்துச்சுன்னு ஒண்ணு விடாம கணக்கு ஒப்பிக்கிறாங்க. குச்சி எங்கேருந்து வந்தா நமக்கென்ன?

கேள்வி: அதுல வர்ற சிங்கமெல்லாம் நெசமா, கம்ப்யூட்டரா? வீட்ல ஒரே சண்டை.
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: கம்ப்யூட்டர்னு சொன்னவங்க ஜெயிச்சாச்சு. 2019 படத்துல நெசக் கேமராவுல எடுத்தது ஒரே ஒரு ஷாட், ஆரம்பத்துல வர்ற சூரிய உதயம் மட்டும்தான்னு டைரக்டர் ஜான் ஃபாவ்ரோவே சொல்லியிருக்காரு. நமக்கு அது அரிச்சல்முனைல தெனமும் ஃப்ரீ.

கேள்வி: ப்ளஸ் டூ மார்க் கொறஞ்சு போச்சுன்னு மகன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான். தங்கச்சியோட சேந்து பாக்குற மாதிரி ஒரு கார்ட்டூன் படம் சொல்லுங்களேன், அட்வைஸ் மட்டும் இருக்கக்கூடாது.
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: 'மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி', 2013ல வந்தது, இதுவும் ப்ரீக்வல்தான். 2001ல வந்த 'மான்ஸ்டர்ஸ் இங்க்'ல ஒத்தக்கண்ணு மைக், சல்லிக்கு அசிஸ்டென்ட்டா இருப்பான்ல, அவன் சின்ன வயசுல பிள்ளைங்கள பயமுறுத்துறதுல நம்பர் ஒன்னா வரணும்னு காலேஜுல வந்து சேருறான். அது நடக்காதுன்னு பழைய படம் பாத்தவனுக்குத் தெரியும், அவன் மட்டும் விடிய விடியப் படிக்கிறான். வேற படமா இருந்தா கடைசில எப்படியாச்சும் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்க வச்சிருப்பாங்க. இதுல மைக், சல்லி ரெண்டு பேரையும் காலேஜ விட்டே தூக்கிருவாங்க, அந்த 'மான்ஸ்டர்ஸ் இங்க்' கம்பெனில தபால் பிரிக்கிற வேலைக்குப் போயி அங்கேருந்து ஏறி வருவாங்க. மகன் பாக்கட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து "பாத்தியா, பாத்தியா"ன்னு மட்டும் சொல்லிராதீங்க.

கேள்வி: ப்ரீக்வல மொதல்ல காட்டணுமா, பழைய படத்தயா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: பழசதான். தழும்பப் பாத்தப்புறம்தான் "எப்படி வந்துச்சு"ன்னு கேப்பான் பிள்ளை. 'மினியன்ஸ்' (2015) வேணா முன்னப்பின்ன பாக்கலாம், அதுங்க பேசுற பாஷை யாருக்கும் புரியப்போறதில்ல, மூணு வயசுப் பிள்ளைக்கும் நமக்கும் அந்த விஷயத்துல ஒரே லெவல்தான். என்ன, கடைசில குட்டிப்பய க்ரூ வர்றப்ப, அவன் பெரியாளா வர்ற 2010 படம் 'டெஸ்பிகபிள் மீ' பாத்ததுங்க மட்டும் குதிக்கும், பாக்காதது "யாரும்மா அது, யாரும்மா அது"ன்னு ஒங்க சேலையப் புடிச்சு இழுக்கும்.