பென்டிரைவுக்குப் புதுப்பாட்டு எங்கே பிடிப்பது?

கேள்வி: தினமும் நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குக் காரில் போய் வருகிறேன். பென்டிரைவில் 3 வருடமாக அதே 200 பாட்டு. சந்தா கட்டி ஒரு மியூசிக் ஆப்பும் வைத்திருக்கிறேன். அது எனக்குத் தெரிந்த பாட்டையே சுற்றிச் சுற்றிக் காட்டுகிறது. அதில் டவுன்லோடு செய்ததைப் பென்டிரைவில் ஏற்றவும் முடியவில்லை. மனசுக்குப் பிடிக்கிற மாதிரி புதுப்பாட்டு கண்டுபிடிக்க என்ன வழி?

பதில்: பென்டிரைவ் பிரச்சினையை முதலில் முடித்துவிடலாம். சந்தா ஆப்பில் டவுன்லோடு என்று சொல்வது இரவல்தான். பாட்டு உங்கள் போனில்தான் இருக்கிறது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது. அந்த ஆப்பைத் தவிர வேறெதனாலும் அதைத் திறக்க முடியாது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டை இணைக்காவிட்டால் இறக்கி வைத்ததும் போய்விடும். சந்தாவை நிறுத்தினாலும் அதே கதிதான்.

பென்டிரைவில் ஏற வேண்டுமென்றால் பாட்டை விலைக்கு வாங்க வேண்டும். 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த ஐடியூன்ஸ் ஸ்டோர் ஒரு வழி. அங்கே வாங்கும் பாட்டுக்குப் பூட்டு கிடையாது. 2009-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் ஃபைல் ஏஏசி வடிவில் வரும். பழைய கார் ஸ்டீரியோ சிலது அதைப் படிக்காது, எம்பி3-ஆக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இன்னொரு வழி பேண்ட்கேம்ப் என்ற இணையதளம். எம்பி3, ஃப்ளாக் (தரம் குறையாத, பெரிய ஃபைல்) என்று எந்த வடிவம் வேண்டுமோ அதில் இறக்கலாம். சினிமாப் பாட்டைத் தேடி அங்கே போகாதீர்கள். அது சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவர்களின் சந்தை.

சரி, ஆப் ஏன் செக்குமாடு மாதிரி சுற்றுகிறது? உங்களைப் போலக் கேட்பவர்கள் வேறு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து, அதை உங்களிடம் நீட்டுவதுதான் அதன் அடிப்படை வேலை. ஊரே கேட்கிற பாட்டு எல்லார் பட்டியலிலும் இருக்கும், அதனால் அதுவே முன்னால் வந்து நிற்கும். போதாக்குறைக்கு ஆப்பையும் நீங்கள் காரில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கை ஸ்டியரிங்கில் இருக்கும்போது பிடிக்காத பாட்டையும் ஓடவிடுகிறோம். 30 விநாடி ஓடினாலே ஸ்பாட்டிஃபை அதைக் கேட்டதாகக் கணக்கில் ஏற்றிவிடும். வீட்டில் உட்கார்ந்து ஒரு அரைமணி நேரம், பிடிக்காததைத் தயங்காமல் தள்ளி, பிடித்ததை மட்டும் சேமித்து வைத்துப் பாருங்கள். ஸ்பாட்டிஃபை என்றால், அது திங்கள்தோறும் தரும் 30 பாட்டுப் பட்டியல் கொஞ்சம் தேறும்.

ஆனாலும் நான் ஆப்பை ரொம்ப நம்புவதில்லை. கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டருக்குப் பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போவோம். 60 நிமிடக் கேசட்டில் நம் பாட்டெல்லாம் ஏறியபின் கடைசியில் நாலைந்து நிமிடம் மிஞ்சும். அதை வெறுமனே விடாமல் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போட்டுவிடுவார். வீட்டுக்கு வந்து கேட்டால், நாம் கேட்டு வாங்கியதைவிட அந்தக் கடைசிப் பாட்டுதான் பிடித்துப்போகும். எனக்கு அப்படிக் கிடைத்தவை நிறைய.

பேண்ட்கேம்பில் அந்தக் கடைக்காரரை இன்னும் பிடிக்கலாம். ஒரு ஆல்பத்தின் பக்கத்தில் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் படங்கள் சின்னச் சின்னதாக வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் அவர் வாங்கிய மற்ற ஆல்பங்கள் எல்லாம் விரியும். உங்களுக்குப் பிடித்த ஆல்பத்தைக் காசு போட்டு வாங்கிய ஆள் வேறு என்ன வாங்கியிருக்கிறார் என்று பார்ப்பது, எந்த அல்காரிதத்தையும்விட எனக்கு உதவியிருக்கிறது. வாங்கும் முன் கேட்டுப் பார்க்கவும் விடுவார்கள்.

சினிமாப் பாட்டுக்கு வேறு தந்திரம். பாட்டை விட்டுவிட்டு, அதில் வேலை செய்த ஆட்களைப் பிடியுங்கள். ‘96’ படத்துப் பாட்டுகள் (2018) உங்கள் பென்டிரைவில் இருக்கலாம். இசையமைத்த கோவிந்த் வசந்தா வயலின்காரர். அவர் தைக்குடம் பிரிட்ஜ் என்ற கேரள பேண்டில் இருப்பவர். அவர்களின் முதல் ஆல்பம் ‘நவரசம்’ 2015-இல் வந்தது. சினிமாவில் மெல்லப் போகும் அந்த மனுஷன் அங்கே ராக் கிடாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் நிற்பார். நாகர்கோவில்காரருக்கு மலையாளம் ஒரு தடையும் இல்லையே. அங்கே இருந்து ஒரு பாடகர், அவர் தனியாகப் பாடியது, அதில் வாசித்த இன்னொருவர் என்று நூல் பிடித்துப் போகலாம். பாடகர், பாடலாசிரியர் பெயர்களை ஆப்பிலேயே பாட்டின் மெனுவில் பார்க்கலாம்.

அப்புறம், இறக்கியதை எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். ஒரே நாளில் 100 பாட்டை ஏற்றினால் ஒன்றும் மனதில் நிற்காது. ‘புதுசு’ என்று ஒரு ஃபோல்டர், அதில் 10 பாட்டு, ஒரு வாரம். அந்த வாரம் பழைய 200-ஐத் தொடாதீர்கள். திரும்பத் திரும்பப் பார்ப்பதும் கேட்பதுமே ஒன்றின் மேல் பிடிப்பைக் கொடுக்கும் என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே எழுதினார். எனவே முதல் தடவை சுமார் என்று தோன்றிய பாட்டுக்கு இன்னும் மூன்று வாய்ப்பு கொடுங்கள். நான்காவது தடவையும் கை அடுத்த பாட்டு பட்டனுக்குப் போனால் தயங்காமல் அழித்துவிடுங்கள்.

இலவசமாக அள்ளித் தரும் தளங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சட்டப் பிரச்சினையும் வைரஸும் ஒருபுறம். 320 கேபிபிஎஸ் (எண் கூடினால் தரம் கூடும்) என்று போட்டு, 128-ஐ ஊதிப் பெரிதாக்கித் தருவதும் அங்கே சகஜம். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் பாட்டைப் போட்டுப் பாருங்கள். அது பாட்டின் ஒலியைப் படமாக வரைந்து காட்டும். அந்தப் படம் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே கத்தரித்தாற்போல் நின்றால், பெரும்பாலும் அது பழைய 128-தான்.

ஓடும் காரில் ஃப்ளாக் தேவையில்லை. டயர் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. 320 எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 2.4 எம்பி, 16 ஜிபி பென்டிரைவில் 1,000 பாட்டுக்கு மேலேயே பிடிக்கும். புது பென்டிரைவ் வாங்கி, கார் அதைப் படிக்க மறுத்தால், ஃபேட்32-இல் ஃபார்மட் செய்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.