தோல் நிறம் கலக்கும் வேலைக்கு எந்தப் படிப்பு?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகன் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, பயாலஜி குரூப். எந்நேரமும் முகம் வரைகிறான், செயற்கை மூக்கு, காது செய்யும் வேலைக்குத்தான் போவேன் என்கிறான். "இப்படி ஒரு வேலை இருக்கிறதா, சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. புற்றுநோய் அறுவையில் மூக்கை இழந்தவர்கள், விபத்தில் காது போனவர்கள், 2021-இல் கருப்புப் பூஞ்சையால் கண்ணை எடுக்க வேண்டி வந்தவர்கள் என்று பலருக்கும் சிலிக்கானில் செய்து பொருத்துகிறார்கள்.

அச்செடுப்பதும் வார்ப்பதும் பழகப் பழக வந்துவிடும். நிறம்தான் ஆளைச் சோதிக்கும். நம் தோல் ஒரே நிறமல்ல. காது மடலில் சிவப்பு கூடுதல், கண்ணுக்குக் கீழே கருமை, மூக்கின் ஓரத்தில் வேறொன்று. சிலிக்கான் இறுகும் முன்பே நிறமியைக் கலந்து, மெல்லிய அடுக்குகளாக இட்டு, ரத்த நாளம்போலத் தெரிய நுண்ணிய சிவப்பு இழைகளைத் தூவி, இறுகியபின் மேலேயும் தீட்டுவார்கள். மாநிறம் வேண்டுமென்று கருப்பை அள்ளிப் போட்டால் தோல் சாம்பல் பூத்துவிடும். நிறம் அளக்கும் கருவிகள் உண்டு, ஆனாலும் கடைசியில் கண்தான் தீர்ப்புச் சொல்லும். எம்.சி. ரோட்டில் மேட்சிங் பிளவுஸ் துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பீர்களே, அதே கதைதான். ட்யூப் லைட்டில் கன்னத்தோடு ஒட்டிப்போகிற மூக்கு, வெயிலில் தனியாகத் தெரியும். வெயிலும் வியர்வையும் பட்டு நாளடைவில் நிறம் மங்கும், மறுபடி செய்யவேண்டி வரும்.

தம்பியை ஒன்று செய்யச் சொல்லுங்கள். தன் முன்கையின் உள்பக்க நிறத்தையும் வெளிப்பக்க நிறத்தையும் கருப்பே சேர்க்காமல் போஸ்டர் கலரில் கலந்து, ஜன்னலோரம் ஒருமுறை, இரவு விளக்கில் ஒருமுறை ஒப்பிடட்டும். சலிக்காமல் திரும்பத் திரும்பக் கலக்கிறானென்றால் ஆசை நிஜம். நிறக்குருடு சோதனையும் எடுத்துவிடுங்கள், ஆண் பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை பக்கம்தானே.

சரி, படிப்பு. உறுதியான வழி பல் மருத்துவம். நீட் எழுதி பி.டி.எஸ். 5 வருடம், அப்புறம் செயற்கைப் பல் கட்டும் துறையில் எம்.டி.எஸ். 3 வருடம், முக உறுப்புகளும் அந்தத் துறையில்தான் வருகின்றன. நெடுங்காலம்தான். ஆனால் மூக்கும் காதும் தினமும் வராது, பல் செட்டும் கேப்பும் தினமும் வரும், வீட்டு வாடகை அதில் ஓடும். பல் வேலையே பிடிக்காதென்றால் இந்த வழி வேண்டாம். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்துவிட்டு, முக உறுப்பு செய்பவர்களிடம் உதவியாளராகச் சேரலாம், ஆனால் மாதச் சம்பளத்துக்கு உத்தரவாதம் என்னால் சொல்ல முடியாது. பல் மருத்துவருக்காகப் பல் செட், கேப் செய்துகொடுக்கும் டென்டல் மெக்கானிக் வேலைக்கான டிப்ளமோ 2 வருடம். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீடென்றால் அதையே சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு பி.டி.எஸ்.ஸுக்கும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அடுத்த வருடம் மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.