கோடை விடுமுறையிலும் வீட்டுப் பாடத்தைத் தொடர வேண்டுமா?

வீட்டிலேயே பாடம் சொல்லித்தருகிறோம், கோடையில் நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுதாக நிறுத்த வேண்டாம், முழு அட்டவணையும் வேண்டாம்.

1996-ல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கோடை விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு பின்தங்கியிருந்தார்கள். அதிகம் அடிபட்டது கணக்கும் எழுத்துக்கூட்டலும்தான். கதைப்புத்தகம் கிடைத்தால் பிள்ளை தானாகவே படிக்கும், பின்னக் கழித்தலை யார் ஆசைப்பட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள்?

அதனால் கணக்கை மட்டும் விடாதீர்கள். வெயில் ஏறுமுன் 20 நிமிடம் போதும். ஒரே வகைக் கணக்கைப் பக்கம் முழுக்கக் கொடுக்காமல், 3/4 - 2/3 ஒன்று, நீள்வகுத்தல் ஒன்று, போன மாதம் படித்த பரப்பளவு ஒன்று என்று கலந்து கொடுங்கள். எந்த முறையைப் போடுவது என்று பிள்ளையே யோசிக்க வேண்டியிருக்கும், முதலில் தப்பு கூடும், முனகலும் வரும், ஆனால் நாள்பட நினைவில் நிற்பது இப்படிப் படித்ததுதான்.

வாசிக்கும் புத்தகத்தை அவர்களே எடுக்கட்டும். சித்திரக்கதையா? சரி, இருக்கட்டும். அறிவியலுக்குப் பாடநூலை மூடிவிட்டு, வெயிலில் ஒரு குச்சியை நட்டு, அவ்வப்போது நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குட்டையாகும் நேரம் கடிகாரத்தின் 12 மணியோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது, ஏன் என்ற கேள்வி அங்கேயே வந்துவிடும்.

அப்புறம், வருடத்துக்கு இத்தனை நாள் பாடம் நடக்க வேண்டும் என்று உங்கள் பகுதியில் விதி இருந்தால், கோடை நாட்கள் அதில் சேருமா என்று பார்த்துக் குறித்து வையுங்கள், பின்னால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நிம்மதியாக விடுப்பு விடலாம்.