பேனாவும் பின்னக் கணக்கும்

வணக்கம்.

அரசுப் பள்ளியில் 7ஆம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நாற்பது பேரில் பதினைந்து பேர் நோட்டைத் திறப்பதே இல்லை. சரியாகப் போட்டால் பேனா தருவேன் என்றேன். இரண்டு வாரம் ஓடியது, பிறகு பழையபடிதான். ஆர்வத்தை எப்படித்தான் உண்டாக்குவது?

- ஒரு கணித ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பேனாவை நிறுத்திவிடுங்கள். அது போடத் தெரிந்த ஐந்தாறு பேருக்கே போய்ச் சேரும்; மற்றவர்களுக்கு இரண்டு வாரத்தில் அது புரிந்துவிடுகிறது. அந்த ஐந்தாறு பேருக்கும் நல்லதில்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தாமாகவே விரும்பி வரைந்துகொண்டிருந்த மழலையரில் சிலரிடம் ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்பே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகள்தான் குறைவாக வரைந்தார்கள். முன்பே சொல்லாமல், முடித்தபின் சான்றிதழ் தந்த குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை.

நோட்டைத் திறக்காத பிள்ளைக்குப் பெரும்பாலும் இழை இரண்டு மூன்று வகுப்புக்கு முன்பே அறுந்திருக்கும். எழுதினால் தப்பு வெளியே தெரியும், எழுதாவிட்டால் திட்டு மட்டும்தான். அதனால் எழுதுவதில்லை. அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க அரைத்தாளில் நான்கு கணக்கு போதும்: கடன் வாங்கிக் கழித்தல், ஈரிலக்கப் பெருக்கல், மீதி வரும் வகுத்தல், 1/2 + 1/3. மதிப்பெண் போடாதீர்கள், விடையை வகுப்பில் வாசிக்காதீர்கள்.

கடைசிக் கணக்குக்குப் பலர் 2/5 என்று எழுதுவார்கள். தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி. முழு எண்ணில் பழகிய கை. உடனே திருத்த வேண்டாம். இரண்டு பேருக்கு ஒன்றாக, 12 செ.மீ. நீளத்தில் காகிதப் பட்டை கொடுங்கள். பாதி 6 செ.மீ., மூன்றில் ஒன்று 4 செ.மீ., சேர்த்தால் 10. பன்னிரண்டில் பத்து, அதாவது 5/6. இப்போது 2/5 எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள்: 4.8 செ.மீ. பாதியோடு இன்னொரு துண்டைக் கூட்டினால் பாதியைவிடக் குறையுமா? இந்தக் கேள்வி பிள்ளையிடமிருந்தே வரட்டும், ஐந்து நிமிடம் ஆனாலும் பொறுங்கள். இங்கே கெடுவது ஒரே காரணத்தால்தான்: கணக்கில் முந்துகிற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து விடையைச் சொல்லிவிடும். ஆகவே ஒரே நிலையில் இருக்கும் இருவரைச் சேர்த்து உட்காரவையுங்கள்.

பாராட்டும்போது ‘கெட்டிக்காரன்’ வேண்டாம். ‘2/5 பாதியைவிடச் சின்னது என்று நீயே பிடித்தாய்’ என்று செய்ததைச் சொல்லுங்கள். அடுத்த முறை என்ன செய்வது என்பது அதில் இருக்கிறது.

மறுநாள் 1/4 + 1/3 பட்டையோடு. அதற்கு மறுநாள் 1/6 + 1/4 பட்டையில்லாமல். தடுமாறினால் பட்டையை எடுத்துக்கொள்ளலாம். பிறகு 1/2 + 1/5 கொடுங்கள். பன்னிரண்டை ஐந்தாகப் பிரித்தால் முழு செ.மீ. வராது, 10 செ.மீ. பட்டை வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். இரண்டு பகுதிகளாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண், அதாவது மீச்சிறு பொது மடங்கு; அதை அன்றைக்குத் தொடங்குங்கள்.