பழைய கைக்கணினியிலிருந்து கம்பியில்லாமல் கோப்பு எடுக்கலாமா? கேள்வி பதில்

பாம், பொக்கற் பிசி என்ற பழைய கைக்கணினிகளைப் பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கிளிநொச்சியிலிருந்து: அண்ணா, அப்பாவின் பாம் 3 கருவியில் அவர் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. அம்மா இன்றுவரை பற்றரி மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். என் போனிலும் அகச்சிவப்பு விளக்கு இருக்கிறது. நேரே அனுப்பலாமா?

முடியாது தம்பி. உங்கள் போனில் இருப்பது ரிமோட் போலச் சமிக்ஞை அனுப்பும் விளக்கு மட்டும்; அதற்கு வாங்கத் தெரியாது. 1998இல் வந்த பாம் 3 பேசுவது ஐஆர்டிஏ என்ற, அகச்சிவப்பில் தரவு பரிமாறும் முறை. இரண்டு கருவியும் மாறி மாறிப் பேசினால்தான் ஒவ்வொரு துண்டும் போகும்.

அம்மா செய்தது பெரிய காரியம். அந்தக் கருவியில் எழுதியதெல்லாம் ராமில்தான் நிற்கும். பற்றரி முழுதாக இறங்கினால் அப்பாவின் எழுத்தும் போய்விடும். முதலில் புது ஏஏஏ பற்றரி இரண்டு வாங்குங்கள். பழையதைக் கழற்றியதும் தாமதிக்காமல் புதியதைப் போடுங்கள். அப்புறம் கருவியை நிறுத்தி வைக்கும் 9 ஊசி சீரியல் தாங்கியையும், அதைக் கணினியின் யூஎஸ்பியில் செருக ஒரு மாற்றியையும் தேடிப் பிடித்து, கணினியோடு ஹொட்சிங்க் செய்யுங்கள், அதாவது கருவியில் உள்ளதைக் கணினிக்குப் பிரதியெடுங்கள். கம்பி வழிதான் இங்கே நம்பிக்கையான வழி.

மல்லாவியிலிருந்து: இரண்டு பாம் கருவிகள் இருக்கின்றன. விறாந்தையில் வைத்து ஒன்றிலிருந்து மற்றதற்கு அகச்சிவப்பில் அனுப்பினால் பாதியில் அறுந்துபோகிறது.

வெயில்தான் காரணம். வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால் வாங்கும் கண் கூசிப்போகும். உள் அறைக்குப் போய், இரண்டையும் மேசையில் ஒரு முழ இடைவெளிக்குள் நேருக்கு நேர் வையுங்கள். அதிக வேகமே நொடிக்கு 115.2 கிலோபிற் என்பதால் 1 மெகாபைற் போக ஒன்றரை நிமிடமாவது எடுக்கும். அவ்வளவு நேரம் கை ஆடாமல் பிடிக்க முடியாது. சில செயலிகளை எழுதியவர்களே அனுப்ப முடியாதபடி பூட்டியிருப்பார்கள். அவை அசையாது.

முல்லைத்தீவிலிருந்து: பாம் டங்ஸ்டன் டி கருவியிலிருந்து புளூடூத்தில் அனுப்பினேன். கோப்பு போனுக்கு வந்தது, திறக்கவில்லை.

2002இல் வந்த அந்தக் கருவியின் புளூடூத்தில் பிழையில்லை, தங்கச்சி. பாம் தன் உள் நினைவகத்தில் நாம் பழகிய கோப்புகளாக வைப்பதில்லை. பிடிபி என்ற தரவுத்தளமாக வைக்கும். போன் அதை வாங்கிக்கொள்ளும், ஆனால் வாசிக்கத் தெரியாது. முகவரிகளை வீகார்ட் என்ற பொதுவான தொடர்பு அட்டைக் கோப்பாக அனுப்புங்கள், அவை திறக்கும். மற்றவற்றைக் கணினியில்தான் மாற்ற வேண்டும்.

வவுனியாவிலிருந்து: பழைய பொக்கற் பிசி வீட்டு வைஃபையில் சேரவில்லை. ரவுட்டரின் பாதுகாப்பைக் குறைக்கலாமா?

வேண்டாம். அக்காலக் கருவிகள் பலவற்றுக்கு டபிள்யூஈபி (WEP) என்ற பழைய வைஃபைப் பூட்டு மட்டுமே தெரியும், அதை எவரும் உடைக்கலாம். ஒரு கருவிக்காக வீட்டையே திறந்துவிடாதீர்கள். கோப்புகளை மெமறி காட்டில் பிரதியெடுத்து, காட் ரீடரில் போடுங்கள்.