குமுளி ஏலக்காய்க் கடைக்கு எந்த சர்வர்?

கேள்வி: குமுளியில் ஏலக்காய், மிளகு மொத்த வியாபாரம் செய்கிறோம். கடையிலும் அதன் பின்னால் 60 மீட்டர் தள்ளியிருக்கும் கிடங்கிலுமாக எட்டு கம்ப்யூட்டர்கள், கம்பம் அலுவலகத்தில் இரண்டு. டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா, ஸ்கேன் செய்த ரசீதுகள் எல்லாம் ஒரு சாதாரண கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. டேலி டேட்டா அடிக்கடி கெட்டுப்போகிறது. ஒன்றேகால் லட்சத்துக்குள் சர்வர் வாங்க நினைக்கிறோம். 64 ஜிபி ராம் உள்ள, இரும்புச் சட்டத்தில் அடுக்கும் வகைப் பழைய ரேக் சர்வரை 55,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்தப் பழைய ரேக் சர்வர் வேண்டாம். இரண்டு பிராசசர் உள்ள பழைய ரேக் சர்வர் சும்மா ஓடினாலே 200 வாட் வரை இழுக்கலாம். அப்படி 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 144 யூனிட். சாதாரண கம்ப்யூட்டர் பெட்டி போல நிற்கும் ஒற்றை பிராசசர் டவர் சர்வர் உங்கள் வேலைக்குச் சுமார் 60 வாட்டில் நின்றுவிடும். மாதம் 43 யூனிட்தான். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 11,000 ரூபாய் வித்தியாசம். இரைச்சல் வேறு, கடையில் உட்கார்ந்து போன் பேச முடியாது. டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு கார்டோ பவர் சப்ளையோ போனால் அதே மாடல் பாகத்தைத் தேடி அலைய வேண்டும், அதுவரை பில் போட முடியாது.

டெல் பவர்எட்ஜ் டி150, ஹெச்பிஇ எம்எல்30, லெனோவோ எஸ்டி50 வரிசையில் ஒரு டவர் போதும். நான்கு கோர் பிராசசர், பிழையைத் தானே திருத்தும் ஈசிசி வகை ராம் 16 ஜிபி. பத்து பேர் டேலி போடுவதற்கு இதற்கு மேல் பிராசசரில் பணம் கொட்டுவது வீண். ராம் ஒரே 16 ஜிபி ஸ்டிக்காக இருக்கட்டும், பிறகு கூட்டிக்கொள்ள ஸ்லாட் காலியாக இருக்கும்.

பணத்தை டிஸ்க்கில் போடுங்கள். 480 ஜிபி என்டர்பிரைஸ் எஸ்எஸ்டி இரண்டை ரெய்டு 1 ஆகப் போட்டால், ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். என்டர்பிரைஸ் வகை என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு: கரண்ட் திடீரென்று போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு அதற்குள் கெபாசிட்டர் இருக்கும். வாங்கும்போது 'பவர் லாஸ் புரொடெக்‌ஷன்' இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சர்வரை ஒப்படைக்க வருபவர் கண்ணெதிரே சர்வரை அணைத்து, ஒரு டிஸ்க்கைக் கழற்றி, மறுபடி ஓட்டிக் காட்டட்டும். பிறகு டிஸ்க்கை மாட்டி, மற்றதிலிருந்து அதற்கு எல்லாம் நகலாகும் ரீபில்டு முடியும் வரை பாருங்கள். ரெய்டில் ஒரு டிஸ்க் போனால் வேலை நிற்காது. அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. மாதங்கள் கழித்து இரண்டாவதும் போகும்போதுதான் தெரியும். ஆகவே டிஸ்க் போனால் தகவல் வரும்படி மெயில் அலர்ட்டை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் டேட்டா கெடுவதை சர்வர் மட்டும் நிறுத்திவிடாது. கிடங்கு கம்ப்யூட்டர்கள் வைஃபையில் இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். வவுச்சர் சேமிக்கும் நொடியில் சிக்னல் அறுந்தால் ஃபைல் பாதியில் நிற்கும். எல்லா இயந்திரத்துக்கும் கேபிள் போடுங்கள். கடைக்கும் கிடங்குக்கும் இடையில் மட்டும் செம்புக் கம்பி லேன் கேபிள் கூடவே கூடாது. நூறு மீட்டருக்குள் என்பதால் வேலை செய்யும்தான். ஆனால் இடுக்கியில் சித்திரை கோடை மழையிலும் ஐப்பசியிலும் விழும் மின்னல், பக்கத்தில் எங்கோ இறங்கினாலும் அந்தக் கம்பி வழியாக ஸ்விட்ச், சர்வர் இரண்டையும் சேர்த்துச் சுட்டுவிடும். இரும்புக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிளை இழுத்து, இரு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் ஒன்று வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

எர்த்தையும் பாருங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து, சர்வர் மாட்டப்போகும் பாயின்ட்டில், கடை முழு லோடில் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் எர்த் குழியோ நியூட்ரல் இணைப்போ சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் சர்வரை மாட்டாதீர்கள். யூபிஎஸ் 1 கேவிஏ, கரண்ட் போகும்போது இடைவெளியே விடாத ஆன்லைன் வகை. வீட்டு இன்வெர்ட்டரின் ஸ்கொயர் வேவ் கரண்டை இந்த பவர் சப்ளைகள் ஏற்காது. யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளை சர்வரில் செருகி, பேட்டரி இறங்கும்போது தானே முறையாக அணையும்படி அமைக்க வேண்டும். அந்தக் கேபிள் பல கடைகளில் பெட்டியிலேயே கிடக்கிறது. பேட்டரியை இரண்டு மூன்று வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் சர்வர் எசென்ஷியல்ஸ் போதும்: 25 பேர் வரை ஆளுக்கொரு தனி உரிமம் (CAL) வாங்க வேண்டாம். சர்வரோடு சேர்த்துத்தான் விற்பார்கள், அதனால் கொட்டேஷனிலேயே கேளுங்கள். கம்பத்திலிருந்து டேலி ஃபைலை இணையம் வழியாக நேரே திறக்காதீர்கள். லைன் அறுந்தால் பழைய கதைதான். விண்டோஸ் புரோ உள்ள இரண்டு கம்ப்யூட்டர்களைக் குமுளியில் ஒதுக்கி, இணையத்தில் பாதுகாப்பான தனிப்பாதையான விபிஎன் போட்டு, கம்பத்து இருவரும் ஆளுக்கொன்றாக ரிமோட் டெஸ்க்டாப்பில் வரட்டும். ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை வெளியே திறந்துவைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் நுழையும் வாசல் அது.

ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று சர்வரில், மற்றது வீட்டில். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். விண்டோஸ் சர்வர் பேக்கப்பை இரவில், எல்லோரும் டேலியை மூடிய பிறகு ஓட விடுங்கள். பேக்கப்புக்கென்று ஒதுக்கும் டிஸ்க்கை அது ஃபார்மட் செய்துவிடும், பழைய படங்கள் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பிலிருந்து டேலி ஃபோல்டரை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, ட்ரயல் பேலன்ஸ் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால் பழைய வருடங்களும் அதில் இருக்கட்டும்.

பட்ஜெட் இடித்தால் ராமை 8 ஜிபியாகக் குறையுங்கள். யூபிஎஸ், ஃபைபர், பேக்கப் டிஸ்க்கைத் தொடாதீர்கள். சர்வர் குமுளியில் நிற்பதால் பில் உங்கள் 32-ல் தொடங்கும் கேரள ஜிஎஸ்டி எண்ணில் இருக்கட்டும். தேனியிலோ மதுரையிலோ வாங்கினால் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐஜிஎஸ்டி 18 சதவீதம் வரும், அதைக் கேரளக் கணக்கிலேயே கிரெடிட் எடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். கம்பத்தின் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டால் அந்தக் கிரெடிட்டைக் குமுளிக்கு நேரடியாக மாற்ற முடியாது. வாரண்டியையும் குமுளி பின்கோடில் பதிந்து, மறுநாளே ஆள் வரும் சேவை அந்த ஊருக்கு உண்டா என்று எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.