37 ஓட்டைகள்

கேள்வி: விமானம் விழுந்தால் கடைசியில் ஒரு மெக்கானிக் தலையில் பழியைப் போட்டு வழக்கு நடத்துகிறார்களே, இது நியாயமா? (திருச்சி வாசகர்)

பதில்: ஹேங்கரில் ஸ்பானர் பிடித்தே ரிட்டையர் ஆனவனிடம் கேட்கிறீர்கள். பதில் கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் இருக்கும்!

ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டின் வழக்கையே பாருங்கள். 2000 ஜூலை 25, பாரிஸ். சில நிமிடம் முன்னால் கிளம்பிய, அமெரிக்காவின் கான்டினென்டல் நிறுவனத்தின் டிசி-10 விமானம் ஒரு டைட்டானியம் பட்டையை ரன்வேயில் உதிர்த்துவிட்டுப் போயிருந்தது. சுமார் 43 சென்டிமீட்டர் நீளம், இரண்டு விரல் அகலம். அதன்மேல் ஏறிய கான்கார்டின் டயர் வெடித்து, நாலரைக் கிலோ ரப்பர் துண்டு இறக்கையில் மோதியது. எரிபொருள் டேங்க் உடைந்து தீப்பிடித்தது. தரையில் ஓட்டலில் இருந்த நாலு பேரையும் சேர்த்து 113 பேர் போனார்கள்.

ஹூஸ்டனில் அந்தப் பட்டையை மாட்டிய மெக்கானிக்குக்கு 2010 டிசம்பரில் 15 மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக, அதாவது உடனே உள்ளே போக வேண்டியதில்லை. எஃகில் செய்ய வேண்டியதை டைட்டானியத்தில் செய்தது தப்புதான், மறுக்க மாட்டேன். ஆனால் விசாரணை அறிக்கையில் இன்னொன்று இருக்கிறது. பட்டையைத் தாங்கும் பாகத்தில் 12 ஓட்டை போதும்; இருந்ததோ 37. இத்தனையையும் ஒரே ஆள் ஒரே ஷிப்டில் போட்டிருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், 1979இலேயே வாஷிங்டனில் கான்கார்டின் டயர் வெடித்துத் துண்டுகள் டேங்கைத் துளைத்திருந்தன. கான்கார்ட் திட்டத் தலைவரும் கூண்டில் நின்றார், விடுதலையானார். மெக்கானிக்குக்கு விடுதலை 2012 நவம்பரில், பிரான்ஸின் வெர்சாய் நீதிமன்ற மேல்முறையீட்டில்தான் கிடைத்தது. கான்டினென்டல் மீதிருந்த குற்றத்தீர்ப்பும் ரத்தானது. அந்த நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. எனக்கு அது சரியான தீர்ப்பு.

குடித்துவிட்டு வேலை செய்தவன், செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டவன், இவர்களை உள்ளே தள்ளுங்கள். கை தவறியவனைத் தேடிப் போலீஸ் வரும் என்றால், தவறியதை எவன் வாய் திறந்து சொல்வான்?

கேள்வி: அப்போது இறந்தவர் குடும்பத்துக்கு என்ன வழி? (அதே வாசகர்)

பதில்: சர்வதேசப் பயணம் என்றால் 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியாவும் 2009இல் சேர்ந்தது. ஒரு வரம்பு வரை, யார் தப்பு என்று நிரூபிக்காமலே விமான நிறுவனத்திடம் இழப்பீடு வாங்கலாம். இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும்.